பழுப்பு

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
இன்றைக்கும் லேட்.
மணலியிலிருந்து டேங்கர் வண்டி,
நாற்பத்தெட்டு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.
முன்னால் மீன்கூடை ஆட்டோ.
பின்னால் ஒருத்தர் ஹாரனிலிருந்து கையே எடுக்காமல்
கேட்மேனின் அம்மாவை, அக்காவை,
பிறக்காத மகளைக்கூட இழுத்துக்கொண்டிருந்தார்.
கேபின் ஜன்னலில் பாதி முகம்தான் தெரியும்.
பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்,
பெயர் தெரியாது.

லேபில் முதல் வேலை மெழுகுக்கட்டி.
தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி,
வெந்நீரில் மிதக்கவிட்டு,
கண்ணாடியில் ஏந்த வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும்.
எண் 2417.
யோவேல், நாற்பத்து மூன்று, காசிமேடு.
ஐஸ் பார் உடைக்கிறவர். இடது கன்னத்தின் உட்சதை.
படிவத்தின் ஓரத்தில் டாக்டர் நசீமாவின் கிறுக்கல்:
மாவா, பதினெட்டு வருஷம்.

நான் நிறமேற்றித் தேடுவது ஒரு புரதத்தை.
பி ஐம்பத்து மூன்று.
பெயரா இது? தண்டையார்பேட்டை டிப்போவில் போய்க் கேட்டால்
அந்தப் பக்கம் நிக்கும் பாருங்க என்பார்கள்.

செல் இரண்டாகப் பிரியும் முன்
டிஎன்ஏ இழை எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று
தடவிப் பார்க்கச் சொல்லும்.
அறுந்திருந்தால், நில்.
தைத்து முடி, பிறகு போ.
தைக்கவே முடியாத கிழிசல் என்றால்
அது சொல்வது வேறு:
விளக்கை அணை.
பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வை.
சத்தமில்லாமல் உன்னை மடித்துக்கொள்,
பக்கத்து வீட்டார் வந்து எடுத்துக்கொள்வார்கள்.
செல்லும் கேட்டுக்கொள்ளும்.
நம்மிடம் யாராவது இப்படிச் சொல்லிப் பார்க்கட்டுமே.

இந்த நிமிஷமும் நடக்கிறது,
ஹாரன் அடித்தவரின் ஈரலில்,
அவர் திட்டிய மகள் பிறக்கப்போகும் வயிற்றில்.

நல்ல நிலையில் இருக்கும் அதைப் பார்ப்பதே கஷ்டம்.
வேலை இல்லாத நேரத்தில்
செல்லே அதைக் கரைத்துவிடும்.
நீல உட்கருக்களுக்கு நடுவில்
அங்கொன்று இங்கொன்று
டீ தெறித்த அளவுக்குப் பழுப்பு, அவ்வளவுதான்.

சேர்ந்த வருஷம் நான் தப்பாகப் படித்தேன்.
ஒரு ஸ்லைடு முழுக்க அடர் பழுப்பு.
இத்தனை பேர் காவலுக்கு நிற்கிறார்களே,
இவருக்கு ஒன்றும் ஆகாது என்று
கேன்டீனில் சந்தோஷமாக இரண்டாவது வடை சாப்பிட்டேன்.
மறுநாள் ரிப்போர்ட் டைப் ஆகி வந்தது.

உடுப்பு இருக்கிறது, விசில் இருக்கிறது,
கை வளைந்துபோயிற்று.
இழையைப் பிடிக்க முடியாது.
கரையவும் மாட்டேன் என்று
கூடிக்கூடி நிற்கும், வேலை செய்யாத காவல்.
அதைத்தான் பழுப்பு காட்டுகிறது.
சில ஸ்லைடுகளில் அதுகூட இருக்காது,
ஒரு துளி இல்லாமல் சுத்தம், ஆளற்ற கேபின்.
அதுவும் கெட்ட செய்திதான்.

2417ஐ நாற்பதில் வைத்தேன்.
எல்லா உட்கருவும் டிகாஷன்.
ஓரத்தில் மட்டும், கத்தி தாண்டிய இடத்தில்,
ஒரு சின்ன வரிசை இன்னும் நீலம்.
அதில் ஒன்றே ஒன்று மங்கலாக.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அவரே ஜன்னலுக்கு வந்தார்.
கன்னத்தில் பஞ்சு, வாய் முழுக்கத் திறக்காது.
ஐஸ் பிளந்த விரல்கள்.
"மேடம், நல்லா வந்துக்குதா?"
எக்ஸ்ரே படம்போல நினைத்திருக்க வேண்டும்.
நிறம் நன்றாகத்தான் ஏறியிருந்தது.
"வந்திருக்குங்க" என்றேன்.
பிறகு அவசரமாக,
"டாக்டர்கிட்ட கேளுங்க."
சிரித்தார். சிரிக்கும்போது வலித்திருக்கும்.

சாயங்காலமும் கேட் சாத்தியிருந்தது.
ஒரு பையன் சைக்கிளைச் சாய்த்துக் கட்டைக்கடியில் நுழைந்தான்.
ஜன்னலிலிருந்து விசில்.
அவன் திரும்பவில்லை.
இன்னொரு விசில், நீளமாக.
தண்டவாளத்துக்கு முன்னால் நின்றான்.
என்னைச் சுற்றி எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.
டேங்கர் போயிற்று.
எண்ணவில்லை.