வெயிலில்லாத ஊரில் கறுத்தவள்

நவம்பர் பிற்பாதியில் வார்டோவில்
சூரியன் கடையைச் சாத்திவிட்டுப் போகும்.
பொங்கி எழுகிற கடலுக்கும் மின்விளக்குதான்.
அந்த இருட்டில் நான் கறுக்கத் தொடங்கினேன்.

“கனாரித் தீவுக்குப் போய்வந்தாயா, தூர்டிஸ்?”
தபால் கவுண்டரில் ஆளாளுக்குக் கேட்டார்கள்.
மூன்று வருடமாக நான் படகுத்துறையைத் தாண்டவில்லை.
“அப்படியென்றால் இது யார் வீட்டு வெயில்?”
நண்டு கம்பெனி எய்வின் கண்ணடித்தான்.

முழங்கை, விரல் மடிப்பு,
எட்டு வயதில் தையல் போட்ட தழும்பு,
கடைசியில் ஈறு.
ஈறில் எந்த வெயில் படும்?

ஹெர்ரிங் மீன் தீர்ந்த போத்தலில்
மிஞ்சிய உப்புநீரை
நின்றபடியே குடித்தேன்.
பூனை பார்த்தது.
நாளைக்கு என்று அதற்கும் கொஞ்சம் வைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் பொட்டலங்களுக்கு நடுவே விழுந்தேன்.
யாருக்கோ போகவேண்டிய கம்பளிக் காலுறை
தலைக்கு அணையாக இருந்ததாம்.

கிர்கெனஸ் மருத்துவமனையில்
காரஷோக் ஊர்க்காரி, டாக்டர் மாரெட்,
கைரேகை பார்ப்பவள்போல் உள்ளங்கையை விரித்தாள்.
ரேகைகளில் மை ஓடியிருந்தது.
எதிர்காலம் எதுவும் சொல்லவில்லை;
ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று மட்டும் சொன்னாள்.
“என்ன வேலை செய்கிறீர்கள்?”
“தபால் பிரிக்கிறேன்.”
“அப்போது எனக்குச் சுலபம்” என்றாள்.

நாளமில்லாச் சுரப்பிக்கு வாய்க்கால் கிடையாது.
எழுதியதை ஓடுகிற ரத்தத்தில் போட்டுவிடும்.
கடிதம் எல்லா வாசலையும் கடந்து போகும்,
பூட்டு பொருந்துகிற கதவு மட்டும் திறக்கும்.
சிறுநீரகங்களின் தலையில் குல்லாய்போல் இரண்டு அட்ரினல்.
என் சொந்தக் காவலாளிகளே
எதிரி என்று எண்ணி அவற்றை இடித்துவிட்டார்கள்.
மூளைக்கு அடியில் பட்டாணி அளவு பிட்யூட்டரிக்கு
அது தெரியாது.
கோர்டிசோல் அனுப்பு என்று எழுதியது.
பதில் இல்லை. மறுபடி எழுதியது.
கட்டுக் கட்டாக எழுதியது.

செவிடன் காதில் ஊதிய சங்குதான்.
ஆனால் அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிட்டது.
தோலின் பூட்டும்
அந்தச் சாவிக்கு ஏறக்குறையப் பொருந்தும்.
தனக்கு வராத கடிதத்தைப் பிரித்து
‘கறுத்துப்போ’ என்று வாசித்துக்கொண்டு
கீழ்ப்படிந்தது என் தோல்.

இருபத்திரண்டு வருடம் தபாலில் இருந்தும்
எனக்கு இது தெரிந்திருக்கவில்லை:
பதில் என்பது சேதி சொல்வதற்கு மட்டுமல்ல,
எழுதுகிற கையை நிறுத்துவதற்கும்தான்.

ஜனவரியில் சூரியன் விளிம்பைக் காட்டிய அன்று
பள்ளிக்கூடத்தை விட்டார்கள்.
பிள்ளைகள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.
நான் வெளுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது காலை ஆறுக்கு அலாரம்.
மற்றவர்களுக்கு விடியுமுன்பே
உள்ளே எதுவோ சுரந்து எழுப்பிவிடும்.
எனக்கு இரண்டு மாத்திரைதான் விடியல்,
மதியம் ஒன்று, பிற்பகல் அரை.
விடியலைத் தட்டில் எண்ணிப் பார்த்ததுண்டா நீங்கள்?

ஏப்ரலில் என் தம்பி ஆர்ன்யோட்டின் படகு
அவன் இல்லாமல் திரும்பி வந்தது.
போனை வைத்தேன். கை நடுங்கவில்லை.
நடுங்குவதற்கும் ஒன்று சுரக்க வேண்டும்போல.
அம்மா வீட்டில் அலறிக்கொண்டிருந்தாள்,
கேட்காமலே அவளுக்கு உள்ளே ஊற்றெடுத்திருக்கும்.
நான் சமையலறை மேசையில்
மருத்துவமனைத் தாளைத் தேடினேன்.
காய்ச்சலுக்கு இரட்டிப்பு.
வாந்திக்கு ஊசி.
எலும்பு முறிந்தால் இவ்வளவு.
தம்பிக்கு வரி இல்லை.

மாரெட்டைக் கூப்பிட்டேன்.
“எத்தனை?” என்றேன்.
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும்.
“உட்கார்ந்திருக்கிறாயா?”
“ம்.”
“இரண்டு கூடுதலாகப் போடு. தண்ணீர் குடி.
பிறகு அழு.”

அந்த வரிசையில் செய்தேன்.