நாற்பத்து மூன்று எழுத்து

புளியரையில் என் வீட்டு அடுக்களை தமிழ்நாடு,
மாடியறை கேரளம்.
அரசாங்கம் சொன்னதில்லை, செல்போன் டவர் சொல்வது.
லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பதினான்கு படி ஏறினால்
கேரளம் வரவேற்கிறது என்று போன் துள்ளும்.
அந்த நொடியே
ஆரியங்காவு பால் குளிரூட்டும் நிலையத்துக்கு
நான் பிடித்திருந்த இழை அறும்.
குழாய் உடைந்தது என்று திரையில் ஒரு வரி,
பஞ்சாயத்துத் தண்ணீர்க்காரர் சொல்வது போல.

செவ்வாய்க்கிழமை அங்கே இடி விழுந்தது.
பழைய சர்வர் கருகிவிட்டது.
புனலூரிலிருந்து ஒருவர் வந்து
புதுப் பெட்டியை வைத்துவிட்டு
டீகூடக் குடிக்காமல் போனாராம்.
அதே பெயர், அதே முகவரி.
உள்ளே இருப்பது யாரென்று எனக்குத் தெரியாது.

இதுதான் சமயமென்று சாவியையும் புதிதாகச் செய்தேன்.
ஈ.டி. இருபத்தைந்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது.
லாரி நம்பர் இல்லை, சாவியின் சாதி.
ரகசியச் சொல் கேட்டது, தட்டினேன்.
ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை திரையில்.

பிறந்தவை இரண்டு கோப்புகள்.
ஒன்று வாசல் தாண்டவே கூடாது.
மற்றது ஊர்சுற்றி, எங்கும் போகலாம்.
ஊர்சுற்றியைப் பென்டிரைவில் போட்டு
டேங்கர் கொம்பையாவிடம் கொடுத்தேன்.
வாட்ஸாப்பில் அனுப்பினால்
அந்தக் கறுப்புத் திரையில் ஒட்ட வழியில்லை,
அங்கே மவுஸும் இல்லை,
பிஜிமோளுக்குத் தட்டச்சப் பொறுமையும் இல்லை.

செக்போஸ்டில் சட்டைப்பையைத் தடவியவர்
இது என்னடே என்றிருக்கிறார்.
பூட்டு சார்.
சாவி எங்கே?
அது அந்த அக்கா வீட்டுல.
சிரித்து விட்டுவிட்டார்களாம்.
பப்ளிக் கீ என்றால் என்னவென்று
கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கக் கேட்டிருக்கிறேன்,
இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

இரவு ஒன்பதரைக்குக் கதவைத் தட்டினேன்.
திரை முழுக்க அட் குறிகள், அலறல்:
யாரோ அயோக்கியத்தனம் செய்துகொண்டிருக்கலாம்!
இந்த நிமிடமே உன்னை ஒட்டுக்கேட்கலாம்!
அறிந்த முகம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.
இடி என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

ஆனாலும் போன் போட்டேன்.
பிஜிமோள், உன் பெட்டியின் கைரேகையை வாசி.
வலிய டபிள்யூ, செறிய க்யூ, ஏழு, பிளஸ்,
பின்னால் மழை, அதற்குப் பின்னால் கொல்லம் ரயில்.
நான் பென்சிலால் ஒவ்வொன்றாய் டிக் அடித்தேன்.
இருபத்தொன்பதாம் எழுத்தில் நின்றாள்.
ஒன்னோ, எல்லோ?
நில்லு மைமூன் சேச்சி, நோக்கட்டே.
மூக்குக் கண்ணாடி தேடும் சத்தம்,
எதுவோ கீழே விழும் சத்தம்.
எல்தான்.
என் திரையிலும் எல்.

நாற்பத்து மூன்றும் பொருந்தியபின்
பழைய முகத்தின் வரியை நீக்கினேன்.
நான்கு வருடம் தெரிந்த பெட்டி,
ஒரு கட்டளையில் போயிற்று.
தொடரவா என்று கேட்டது.
ஒய் மட்டும் அடித்தால் ஒப்பாது,
யெஸ் என்று மூன்றெழுத்தும் வேண்டுமாம்.
என் நிக்காஹுக்குத் தலையசைப்பே போதுமாயிருந்தது.

அப்புறமும் விடவில்லை.
உன் சாவி ஊர் பார்க்கத் திறந்து கிடக்கிறது,
இதை நான் தொடமாட்டேன்.
அவசரத்தில் கோப்பை இங்குமங்கும் நகர்த்தியதில்
அனுமதியை அகலமாக்கிவிட்டேன் போல.
அறுநூறு என்று சுருக்கினேன்.
உள்ளே போனேன்.

இனி நீளமான முகவரி வேண்டாமென்று
அமைப்புக் கோப்பில் ஒரு செல்லப்பெயர் எழுதினேன்.
பால்.
மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அதற்கு ஒரே சொல்.
கீழே இன்னொரு வரி:
அறுபது நொடிக்கு ஒருமுறை
இருக்கியா என்று கேள்,
மூன்று முறை பதில் வராவிட்டால் விட்டுவிடு.

மூன்றாம் தொட்டி, மூன்று புள்ளி ஒன்பது டிகிரி.
கொம்பையா கொண்டுபோன பால்தான்.
பிஜிமோள் போனை வைக்க மறந்துவிட்டாள்,
மழை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
மாடியில் காற்று நன்றாக வரும்.
இன்றைக்கு அடுக்களையிலேயே
பாய் விரித்துக்கொள்கிறேன்.