கவாக்

கவாக் என்றால் பாப்லர் மரம்.
அகராதியில் அவ்வளவுதான்.
கருங்கடல் கரையில், எங்கள் ஊரில்,
'மீன் கவாக்கில் ஏறும்போது' என்று
முழுதாய்ச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை.
கூரை எப்போது மாற்றுவாய்? கவாக்.
நகராட்சி எப்போது புதுப் பாலம் கட்டும்? கவாக்.
தலையை லேசாக ஆற்றுப் பக்கம் சாய்த்தாலே போதும்,
மரம் அங்கேதான் நின்றது.

என் கடன் நோட்டில் ஐந்தாறு பெயர்களுக்கு எதிரே
தேதி இருக்கவேண்டிய கட்டத்தில்
க என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன்.
ஸெகாயி: அடுப்புக்குழாய் இரண்டு, தகர ஆணி மூன்று கிலோ, க.
அவனிடம் காசு பெயர்வது குதிரைக்கொம்பு.
அவனுக்கும் தெரியும். சிரிப்பான்.
சிரித்துவிட்டு இன்னொரு கிலோ ஆணி கேட்பான்.

ஹாஜெர் அந்தச் சொல்லை
தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டவனிடம்
சந்தையில் எல்லோர் முன்னும் சொன்னாள்.
ஒரே சொல். கையில் முட்டைக்கோஸ்.
ஷாகிர் அதன்பிறகு வேறு தெரு வழியாகவே
வேலைக்குப் போனான், ஏழு வருடம்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி ஆறு வந்தது.
வந்தது என்பதா, மலை இறங்கியது.
மரக்கட்டைகள், பழைய பாலம், மருந்துக்கடையின் ஃப்ரிட்ஜ்,
என் கடை ஷட்டர், எல்லாம் கடலுக்கு.
மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது
பாப்லர் நின்றது, பட்டை உரிந்து.
இரண்டு ஆள் உயரத்தில், கிளை பிரியும் இடத்தில்
ஒரு மடவை மீன்.

யாரும் சிரிக்கவில்லை.
தீயணைப்புப் படைப் பையன், வெளியூர்,
"அங்கே என்ன பார்க்கிறீர்கள்?" என்றான்.
அவனுக்கு எப்படிச் சொல்வது?
அப்போது ஆறு பேரை இன்னும் காணவில்லை.

மறுநாள் ஸெகாயி வந்தான்,
முழங்கால்வரை சேறு, வேறு யாருடையதோ சட்டை.
"ஏறிவிட்டது, நெர்கிஸ்."
கல்லாப்பெட்டி இருந்த இடத்தில்
நனைந்த லிராத் தாள்களை ஒவ்வொன்றாய்ப் பரப்பினான்,
காயப்போடுவதுபோல.
நோட்டே போய்விட்டது, கணக்கு எனக்கு மறந்துவிட்டது என்றேன்.
அவனுக்கு மறக்கவில்லை. ஆணியின் எடைகூட.
வாங்கவே மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்,
நாக்கில் வந்து நின்றது அதே சொல்.
விழுங்கினேன்.

ஷாகிர் மரத்தடியில் நெடுநேரம் நின்றான்.
ஹாஜெர் வீட்டு ஜன்னல் அங்கிருந்து தெரியும்.
பிறகு ஏணி கேட்டு வாங்கி, ஏறி,
மீனை இறக்கிச் செய்தித்தாளில் சுற்றி
எங்கோ கொண்டுபோய்ப் புதைத்தான்.
யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது 'ஒருபோதும்' என்பதற்கு
எங்களிடம் சொல் இல்லை.
பார்க்கலாம் என்கிறார்கள். வரும் என்கிறார்கள்.
காணாமல் போனவர்களில் இருவர் வீட்டில்
வாசல் விளக்கு பகலிலும் எரிகிறது.
எப்போது அணைப்பீர்கள் என்று
நான் கேட்பதில்லை.