மூன்றைத் தவிர

நான்கு பள்ளிகளுக்கு நான் ஒருத்தி.
செவ்வாய் கேரிபூ. புதன்கிழமை, பனி வழிவிட்டால்,
வடக்கே ஆற்றங்கரைப் பள்ளி; அக்கரை கனடா.
உளவியலாளர் என்று கதவில் அட்டை தொங்கும்.
பிள்ளைகளுக்கு நான் கட்டைக்காரி.

எனக்கு ஒதுக்கிய அறையில்
மடக்கு நாற்காலிகளும்
கிறிஸ்துமஸ் நாடகத்து அட்டை ஆடுகளும்
எனக்கு முன்பே குடியிருக்கின்றன.
சுவருக்கு அப்பால் உடற்பயிற்சிக் கூடம்.
நான் கேட்கும் கேள்விக்கும் அவர்கள் சொல்லும் விடைக்கும் நடுவே
ஒரு பந்து வந்து மோதும்.

பெட்டியில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்பது கட்டைகள்,
ஒரு ஸ்டாப்வாட்ச்,
நான் எழுதுவது தெரியாதிருக்க ஒரு மறைப்புப் பலகை.
பலகையால் பயனில்லை.
பேனா ஓடும் சத்தத்திலேயே
சரியா தப்பா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.
அதனால் தப்புக்கும் சரிக்கும்
ஒரே நீளத்தில் எழுதப் பழகினேன்.
பட்டத்துக்குப் படித்தபோது
இதை யாரும் சொல்லித் தரவில்லை.

லிசெட் மிஷோவை அனுப்பிய தாளில்
வகுப்பாசிரியை எழுதியிருந்தது:
கவனம் இல்லை. உருளைக்கிழங்கு அறுவடை விடுமுறைக்குப் பின்
படிப்பில் சறுக்கல். சோதித்துச் சொல்லவும்.
ஒன்பது வயது. அண்ணனுடைய பூட்ஸ்,
லேஸைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

சொல்லியாக வேண்டியதைச் சொன்னேன்:
இங்கே நீ பேசுவது இந்த அறையைத் தாண்டாது,
மூன்றைத் தவிர.
யாராவது உன்னை நோகடித்தால்.
நீயே உன்னை நோகடிக்க நினைத்தால்.
நீ வேறு யாரையாவது.
பதினாறு வருடம் சொல்லித் தேய்ந்த வாக்கியம்.
தலையாட்டிவிட்டுக்
கட்டைகளை எட்டிப் பார்ப்பார்கள் எல்லோரும்.

லிசெட் தலையாட்டவில்லை.
"முதலாவதை இன்னொரு தடவை சொல்லுங்க."
சொன்னேன்.
"யார்கிட்ட போகும்?"
ஒரு தொலைபேசி எண் இருக்கிறது,
அகஸ்டாவில் யாராவது எடுப்பார்கள் என்றேன்.
"வீட்டுக்கு வருவாங்களா?"
வரலாம்.
பந்து மோதியது. மறுபடியும் மோதியது.
ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
"சரி, கட்டை அடுக்கலாம்."

அடுக்கினாள். படத்தைக் காட்டி முடிப்பதற்குள்
கை அதைச் செய்துவிட்டிருந்தது.
எண்களைப் பின்னாலிருந்து சொல் என்றால்
ஏழு எண் வரை போனாள், கண்ணை மூடாமல்,
கதவைப் பார்த்தபடியே.
ஒரே நீளத்தில் எழுதிக்கொண்டே வந்தேன்.

மாலையில் தலைமையாசிரியர் ஹாத்தோர்ன்
காரிடாரில் பிடித்துக் கேட்டார்: "எண் என்ன?"
எல்லோருக்கும் அந்த எண்தான் வேண்டும்.
நல்ல எண் என்றேன்.
"அப்படியானால் சோம்பல்தான்" என்று நிம்மதியாகப் போனார்.
அவரைக் கூப்பிட்டு நிறுத்த
கையில் என்ன இருக்கிறது?
ஒரு குழந்தை ஒரு வாக்கியத்தை
இரண்டாம் முறை கேட்டது.
எந்த அட்டவணையில் அதற்கு மதிப்பெண்?

கார் சூடாகும்வரை காத்திருந்து
அந்த எண்ணை அழைத்தேன்.
"என்ன சொன்னாள்?" என்றது ஒரு பெண் குரல்.
ஒன்றும் சொல்லவில்லை.
"காயம்?"
பார்க்கவில்லை. முழுக்கைச் சட்டை. இங்கே எல்லோருக்கும் முழுக்கை.
"அப்படியென்றால்…"
திரும்பச் சொல்லச் சொன்னாள், அவ்வளவுதான்.
மறுமுனையில் அவள் தட்டச்சு செய்வது கேட்டது.
நெடுநேரம் காதைக் கொடுத்தேன்.
அந்தச் சத்தத்தில்
சரியா தப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த புதன் லிசெட்டுக்கு ஒன்பதரை மணி என்று
குறித்து வைத்தேன். பென்சிலால் அல்ல, மையால்.
சோதனை ஏதுமில்லை. சீட்டுக்கட்டு எடுத்துப் போவதாக இருந்தேன்.

செவ்வாய் இரவெல்லாம் பனி கொட்டியது.
காலை ஐந்தரைக்குச் செய்தி வந்தது:
இன்று பள்ளி இல்லை, பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும்.
ஊர் முழுக்கப் பிள்ளைகள்
போர்வைக்குள் குதித்திருப்பார்கள்.