மணல் பெட்டி

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு
டிராம் பணிமனை மாடியில் வகுப்பு.
ரீகாவில் அதற்குள் இருட்டிவிடும்.
எட்டு நாற்காலி, ஒரு கெட்டில்,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.

நான் விரும்பி வரவில்லை.
அக்டோபரில் ஒருவன்
என் ஓட்டுநர் கண்ணாடியை நாணயத்தால் தட்டி
"தூங்குகிறாயா?" என்றான்.
இறங்கிப் போய்
அவன் தொப்பியைப் பிடுங்கித்
தண்டவாளத்தில் எறிந்தேன்.
பதினொரு பேர் படம் எடுத்தார்கள்.
ஆறு வாரம் வகுப்பு, இல்லையேல் வேலை இல்லை
என்றது கடிதம்.

"இப்போது என்ன தோன்றுகிறது, இங்கூனா?"
டைகா கேட்டாள். என்னைவிடப் பத்து வயது இளையவள்.
ஒன்றுமில்லை என்றேன்.
"அந்த ஒன்றுமில்லை உடம்பில் எங்கே இருக்கிறது?"
தேடினேன்.
தாடையில் இருந்தது.
பழுது பார்க்கும் வில்னிஸ்
தன்னுடையது முழங்காலில் என்றான்,
யாரும் சிரிக்கவில்லை.

சொற்கள் நிறைந்த தாள் ஒன்று தந்தாள்.
எரிச்சல், மனத்தாங்கல், ஆற்றாமை, பொறாமை, கூச்சம்...
நாற்பத்தாறு வருடமாக
எல்லாவற்றையும் கோபம் என்றே கூப்பிட்டிருக்கிறேன்,
வீட்டுப் பூனைகளுக்கெல்லாம்
ஒரே பெயர் வைத்ததுபோல.
கூப்பிட்டால் அத்தனையும் ஓடி வந்தன.

இன்னொரு தாளில் நடுவே கோடு.
இடப்பக்கம் கேமரா பார்த்தது,
வலப்பக்கம் நான் சேர்த்தது.
தட்டினான். கேட்டான்.
இடப்பக்கம் முடிந்தது.
வலப்பக்கத்துக்கு இன்னொரு தாள் வாங்கினேன்.

டிராம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்:
இலையுதிர் காலத்தில்
லிண்டன் இலை நசுங்கித் தண்டவாளம் சோப்பாகும்.
பிரேக் பிடித்த பிறகும்
இருபது டன் தன் பாட்டுக்குப் போகும்.
அதற்குத்தான் இருக்கைக்கு அடியில் மணல் பெட்டி.
மிதியை அழுத்தினால்
சக்கரத்தின் முன் ஒரு பிடி விழும்.
மணல் வண்டியை நிறுத்தாது.
பிரேக்குக்குப் பிடிக்க ஏதாவது கொடுக்கும்,
அவ்வளவுதான்.
இதை வகுப்பில் சொன்னேன்.
டைகா எழுதிக்கொண்டாள்.
எனக்குக் கூச்சமாக இருந்தது
(கூச்சம்: மூன்றாவது வரிசை, கடைசிச் சொல்).

ஜனவரியில், பாலத்துக்கு முன்னால்
தண்டவாள முள் உறைந்து நின்றது.
கடப்பாறையோடு இறங்கும்போது
பின்னாலிருந்து ஒரு குரல்:
இவர்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு.
தாடை ஏறியது.
கடப்பாறையைக் கீழே வைத்தேன்.
(முதலில் அதைத்தான் வைக்க வேண்டும்.)
கையுறை கழற்றி
இரண்டு பிடி பனி அள்ளி
முகத்தில் அழுத்தி எண்ணினேன்.
பதினெட்டு வரை
அவனை அடித்துக்கொண்டே இருந்தேன்.
பத்தொன்பதில் மூக்கு வலித்தது.
இருபத்தி நான்கில்
உலகத்தில் என் மூக்கு மட்டும் இருந்தது.
ஜன்னல் நிறைய முகங்கள்,
பைத்தியத்தைப் பார்க்கிற மரியாதையோடு.
முள்ளை நகர்த்தினேன். ஏறினேன்.
மணியடித்துப் பாலம் கடந்தேன்.
கீழே தௌகாவா,
மேலே உறைந்து
அடியில் ஓடும் ஆறு.

அன்று இரவே
கழுவாத ஒரு முள்கரண்டிக்காக
மகளிடம் கத்தினேன்.
மணலும் இல்லை, பனியும் இல்லை,
எண்ணவும் இல்லை.
மதாரா தன் அறைக்குப் போய்
கதவை மெதுவாகச் சாத்தினாள்.
அறைந்திருக்கலாம்.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
டிராம் டிக்கெட்டின் பின்புறம் கோடு போட்டேன்.
இடப்பக்கம்:
அயர்லாந்தில் வேலை. விமானம் பிப்ரவரி ஒன்பது.
சாப்பிடும்போது சொன்னாள்.
முள்கரண்டி தட்டில் இருந்தது.
வலப்பக்கம் எழுத ஆரம்பித்து
நிறுத்தினேன்.
பூனைகளில் ஒன்று
வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது,
மெலிந்தது, வெகுநாளாய்ச் சோறு கேட்காதது.
அதன் பெயர் கோபம் இல்லை.

நீரை நிறுத்தினேன்.
அவள் கதவுக்கு முன் போய் நின்றேன்.
விரல் முட்டியால் இரண்டு முறை தட்டி,
வேறு எதுவும் வாயில் வராததால்,
"தூங்குகிறாயா?" என்றேன்.