பெருக்கல் குறி

மெர்ல் ஸ்டக்கி தன் மரத்தில்
ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டான்.
சனிக்கிழமை ரம்பம் வருகிறது.
அந்த இடத்தில் படகுக்கு ஒரு கொட்டகை.
"பதினோரு வருஷம். ஒரு காய்கூட இல்லை" என்றான்
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.
காய்த்த மரம்தான் கல்லடி படும் என்பார்கள்.
காய்க்காததற்குக் கல்கூடக் கிடையாது,
நேராக ரம்பம்.

என் பக்கத்து மரம் காய்க்கிறது.
இலையெல்லாம் கொட்டிய பிறகும்
வெறும் கிளையில் பழங்கள் எரிந்துகொண்டிருக்கும்.
பெர்சிமனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.
அவனிடம் சொல்லியிருக்கலாம்தான்:
மே மாதம் உன் மரத்தில் பூவெடுக்கிற தேனீ
அடுத்து யார் வீட்டுக்குப் போகிறது,
என்றாவது பார்த்தாயா, மெர்ல்?
வாயெடுத்தால் அது
வேலியோரம் பேசுகிற பேச்சாக வரவில்லை.
அவன் மனைவி போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அதனால் புட்டிங்.

இந்தப் பழத்தைப் பறிக்கக் கூடாது. அதுவாக விழ வேண்டும்.
அவசரப்பட்டுக் கடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்,
நாக்கு பஞ்சாகி, கன்னம் உள்ளே ஒட்டி,
துவர்ப்பு என்று சொல்லக்கூட வாய் திறக்காமல்.

குவாரியில் கல் லாரிகளை எடை போடுகிறவள் நான்.
ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.
ஐந்துக்கே டார்ச்சோடு மரத்தடிக்குப் போனால்
ஒப்போசம் ஒன்று எனக்கு முன்பே வந்திருந்தது.
வெளிச்சத்தில் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது.
மெல்வதை நிறுத்தவில்லை.
ஆளுக்கொரு பக்கமாகப் பொறுக்கினோம்.

மூன்று விடியல். ஆறு கோப்பைக் கூழ்.
கூம்புச் சல்லடையில் மரக்குழவியைச் சுழற்றச் சுழற்ற
தோலும் கொட்டையும் உள்ளே தங்க,
தயங்கித் தயங்கிச் சொட்டியது.
(ஒரு கொட்டை தப்பிவிட்டது. அது பிறகு.)
இரண்டு கோப்பையை எடுத்துக்கொண்டேன்.
மோர், முட்டை, மாவு, சர்க்கரை, கொஞ்சம் பட்டைத் தூள்.
சோடா உப்பு பட்டதும் கூழ் விறைத்து
கரண்டியைப் பிடித்துக்கொண்டது.
சின்னச் சூட்டில் ஒன்றரை மணி நேரம்.
ஆரஞ்சாகப் போனது
ஈர மண் நிறத்தில் உப்பி எழுந்தது,
வெளியே எடுத்ததும் பெருமூச்சு விட்டு
நடுவில் குழிந்தது.
எப்போதும் குழியும். குழியாவிட்டால்தான் தப்பு.

பள்ளிப் பேருந்து ஒன்றின் அடியிலிருந்து
இரண்டு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன.
"மெர்ல், கை கழுவு" என்றேன்.
கழுவவில்லை. துடைத்தான்.
பேருந்தின் படியில் உட்கார்ந்து
தட்டிலிருந்தே தின்னத் தொடங்கினான்,
குழிந்த இடத்திலிருந்து, விளிம்பை நோக்கி.
கால்வாசி தீர்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:
"இதில் பாதி உன் மரத்துடையது."

அவன் பல்லில் ஏதோ கடக்கென்றது.

கொட்டையை உள்ளங்கையில் துப்பினான்.
பேனாக்கத்தியை எடுத்து
விளிம்போடு, பொறுமையாக, இரண்டாகப் பிளந்தான்.
இங்கே எல்லோரும் செய்வதுதான்.
உள்ளே வெள்ளையாகக் கத்தி தெரிந்தால் வெட்டுகிற குளிர்,
முள்கரண்டி என்றால் தூவலோடு போய்விடும்,
கரண்டி என்றால் பனியை வாரி மாளாது.

கரண்டி.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பாதி உன்னுடையது என்றதைக் கேட்டானா
என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
"பனி ஜாஸ்தி இருக்கும் போல" என்றான்.
"கொட்டகையை வசந்தத்தில் பார்த்துக்கலாம்."
பிறகு, க்ரீம் இருக்கிறதா என்று கேட்டான்.

பெருக்கல் குறி இன்னும் மரத்தில்தான் இருக்கிறது.
ஃப்ரீசரில் மிச்சக் கூழ், நான்கு டப்பா.
மூடி மேல் பட்டையான பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன்:
ஜனவரி. பிப்ரவரி. மார்ச். ஏப்ரல்.
பூப்பது மே கடைசியில்.
ஒரு டப்பா குறைகிறது.