முழங்காலை மடக்கு

பயிற்சிப் பொம்மைக்கு நாங்கள் வைத்த பெயர்
கோவிந்தராஜு.
பதினெட்டுக் கிலோ. முனகாது.

"முதுகை வளைக்காதே தவமணி,
முழங்காலை மடக்கு" என்றார் மிஸி.

செம்பனைக் காட்டில் பத்தொன்பது வருஷம்
உதிரிப்பழம் மூட்டை மூட்டையாய்த் தூக்கியவள் நான்.
இந்த ஒரு வரியை
அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை.

நிபோங் திபாலில் பஸ், பட்டர்வொர்த்தில் ஃபெரி.
கடலைப் பார்க்க நேரமில்லாமல்
இரத்த அழுத்த எண்களை முணுமுணுத்தபடி
ஆறு பேர் வந்தோம்,
பிறகு நாலு பேர்.
மரகதத்தை மாமியார் விடவில்லை.
இன்னொருத்திக்கு மலம் துடைக்க மனசு வரவில்லை,
அது தப்பும் இல்லை.

புலாவ் தீக்கூஸில் முதல் வீடு.
சீனக் கிழவர் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தார்.
நான் புரட்டியதை
மகள் கதவோரம் நின்று பார்த்தாள்.
"சமைப்பாய்தானே? காரும் கழுவணும்."

சான்றிதழை விரித்தேன்.
"இதில் கார் இல்லையே, மேடம்.
ராத்திரி தங்கினால் அதற்குத் தனி வெள்ளி."

அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
கிழவர் கண் திறக்காமல்
"தா சாக்கிட்" என்றார்.

வலிக்கவில்லையாம்.
எனக்கும்தான்.